மின்னஞ்சலின் வாயிற்காவல்

அஞ்சலகத்தில் முத்திரை குத்துவோரையும் பை சுமப்போரையும் கண்ணால் காணலாம். மின்னஞ்சலைச் சுமப்போரைக் காண இயலாது. இன்று பல நிறுவனங்களுக்கு வரும் மடல்கள், அவற்றின் சொந்தக் கட்டடத்தில் இறங்குவதில்லை. மேகக் கணிமை என வழங்கும் ஏற்பாட்டின்படி, தொலைவிலுள்ள பிறருடைய கணினிகளில் இறங்குகின்றன. எம்மடலை உள்ளே விடுவது, எதைத் தடுத்து வைப்பது, எதை வேறு வழியில் திருப்புவது என விதி வகுத்துக் காப்பது அதற்கென அமைந்த அலுவலரின் கடமை. அவ்விதிகள் தோன்றிய வரலாறு, நம்பிக்கை தேய்ந்த வரலாறேயாகும்.

ஆர்ப்பாநெட் என்னும் அமெரிக்கக் கணினி வலையில், கணினிவிட்டுக் கணினிக்கு மடல் செல்லும் வழியை ரே டாம்லின்சன் 1971இல் கண்டார். அவ்வலையில் உலவியோர் பெரும்பாலும் ஆய்வாளர்கள். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட எளிய அஞ்சல் பரிமாற்ற நெறிமுறையிலும் அச்சூழலின் இயல்பே படிந்திருந்தது. அனுப்பும் கணினி தன் பெயரைச் சொல்லும். அனுப்புநர் இன்னார், பெறுநர் இன்னார் என்று கூறும். பின்னர் மடலை ஒப்படைக்கும். கூறப்பட்ட அனுப்புநர் மெய்யானவரா எனச் சோதிக்கும் வழி அந்நெறிமுறையில் இல்லை. தனக்குரியதல்லாத மடலையும் வாங்கி உரிய இடத்திற்குச் செலுத்துவது, வழிப்போக்கனுக்குத் திண்ணையில் இடம் தருவது போன்ற நல்லொழுக்கமாகக் கருதப்பட்டது.

போஸ்டல் ஆபத்தை அறியாதவரல்லர். வேண்டாத மடலை மறுக்க ஒரு கணினிக்கு வழியில்லையே என்னும் குறையை அவரே 1975 நவம்பரில் ஒரு குறிப்பில் சுட்டியிருந்தார். 1978 மே மாதத்தில் கேரி துயர்க் என்னும் விற்பனையாளர், தம் நிறுவனக் கணினிகளை விளம்பரப்படுத்திச் சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் அளவு மிஞ்சி மடலின் உடலுக்குள்ளேயே வழிந்தன! கண்டனம் எழுந்தது, ஆயினும் வாயில் திறந்தே கிடந்தது.

1986இல் வகுக்கப்பட்ட மற்றொரு முறை, பின்னாளில் மேகத்துக்கு ஏணியாயிற்று. ஒரு களப்பெயருக்குரிய மடலை எந்தக் கணினி வாங்கிக்கொள்ளும் என்பதைப் பெயர்ப் பதிவேட்டில் ஒரு வரியாகக் குறித்து வைப்பதே அம்முறை. அவ்வொரு வரியை மாற்றினால், நிறுவனத்தின் மடல் முழுவதும் வேறொருவர் வீட்டு வாயிலுக்குச் சென்றுவிடும்.

1990களில் விளம்பரக்காரர் திண்ணைகளைத் தேடித் தேடிப் பிடித்தனர். சுமையும் பழியும் திண்ணைக்கு உரியவர் தலையில் விழுந்தன. பெரிதும் புழங்கிய செண்ட்மெயில் என்னும் மென்பொருள், 1998இல் வெளிவந்த பதிப்பிலிருந்து, பிறர் மடலைச் சுமப்பதைத் தானாகவே மறுத்தது. நல்லொழுக்கம் இருபதாண்டு நிறைவதற்குள் குற்றமாயிற்று.

2011இல் மைக்ரோசாஃப்ட் தன் ஆபீஸ் 365 சேவையைத் தொடங்கியபோது, காவல் ஏற்பாடுகள் பெரும்பாலும் உருவாகியிருந்தன. இன்ன கணினிகளே எம் பெயரால் அனுப்பலாம் என அறிவிக்கும் எஸ்பிஎஃப் 2006இலும், மடலில் மறைகுறி முத்திரையிடும் டிகேஐஎம் 2007இலும் ஆவணமாயின. இவ்விரண்டிலும் தவறிய மடலை என்செய்வது எனக் கூறும் டிமார்க் 2012இல் அறிமுகமாயிற்று. நாளொன்றுக்கு 5000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் மூன்றையும் கைக்கொள்ள வேண்டுமெனக் கூகுள் 2024 பிப்ரவரியில் விதித்தது.

ஆனால் காவல் மிகுந்த இடத்தில் நல்லவரும் தடுக்கப்படுகின்றனர். பழைய முகவரிக்கு வந்த மடலைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட்டால், அது அனுப்புநர் அறிவித்த கணினியிலிருந்து வராமையால் எஸ்பிஎஃப் சோதனையில் தோற்கிறது. நிறுவனமே தன் மேக வாயிலுக்குமுன் வேறொரு வடிகட்டியை வைத்தாலும் அதே நிலைதான். வடிகட்டிக்குப் பின்னே பார் என்று மேகத்துக்கு அலுவலர் சொல்லித்தர வேண்டும். சொல்ல மறந்தால், வேலைக்கான அழைப்பும் சாவுச் செய்தியும் குப்பை மடல்களோடு சிறைப்படும். மனிதர் ஒருவர் திறந்து பார்க்காவிட்டால் அவை பெறுநரைச் சேராமலே போகலாம்.

இக்குறையைத் தீர்க்க 2019இல் வெளியான ஏஆர்சி என்னும் முறையில், மடலைக் கைமாற்றும் ஒவ்வொரு கணினியும் தான் கண்டதைக் குறித்துத் தன் முத்திரையை இடுகிறது. எவருடைய முத்திரையை நம்பலாம் என்பதை அம்முத்திரை கூறாது. மைக்ரோசாஃப்டின் மேகத்தில் அந்நம்பகமானோர் பட்டியலை, ஒவ்வொரு பெயராக, அலுவலரே தம் கையால் எழுதிச் சேர்க்கிறார்.