வீட்டு மானியம் வளர்ந்த கதை

சிங்கப்பூரில் வீடு வாங்கும் குடும்பத்திற்கு அரசாங்கத்தின் உதவி இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஒன்று, சந்தை விலைக்குக் குறைவாக விற்கப்படும் புதிய வீடு. மற்றொன்று, வாங்குபவரின் மத்திய சேமநிதிக் கணக்கில் சேர்க்கப்படும் மானியம்.

முதல் வழி பழையது. 1927ல் தொடங்கிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் 32 ஆண்டுகளில் ஏறக்குறைய 23,000 வீடுகளைக் கட்டியது. 1960ல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகமோ ஐந்தே ஆண்டுகளில் 50,000க்கும் அதிகமான வீடுகளைக் கட்டி முடித்தது. தொடக்கத்தில் அவை வாடகை வீடுகள். 1964ல் குவீன்ஸ்டவுனில் ஈரறை வீடு 4,900 வெள்ளிக்கும் மூவறை வீடு 6,200 வெள்ளிக்கும் விற்பனைக்கு வந்தன. அப்போதும் முன்பணத்திற்கு வழியின்றிப் பலர் தயங்கினர். சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்கலாம் என்று 1968ல் அனுமதி வந்த பிறகே சொந்த வீட்டு ஆசை பலருக்கும் கைகூடியது.

மறுவிற்பனை வீடு வாங்குவோருக்கு இந்த விலைச் சலுகை இல்லை. அவர்களுக்காகவே 1994ல் சேமநிதி வீட்டு மானியம் அறிமுகமானது. 2006ல் அதன் போக்கு மாறியது. மாதம் 3,000 வெள்ளிக்கு மேல் ஈட்டாத குடும்பங்களுக்கு 20,000 வெள்ளி வரை கூடுதல் மானியம் அறிவிக்கப்பட்டது. வருமானம் குறையக் குறைய மானியம் கூடும் என்பதே அதன் அடிப்படை. 2019ல் அது 80,000 வெள்ளி வரையிலான ஒரே மானியமாக விரிந்தது. 2024ல் உச்சவரம்பு 120,000 வெள்ளியானது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டை விலை குறைத்து விற்பதாலும் மானியம் வழங்குவதாலும் கழகத்துக்கு ஏற்படும் பற்றாக்குறையை அரசாங்கம் ஆண்டுதோறும் ஈடுகட்டுகிறது. 2022 நிதியாண்டில் அந்தப் பற்றாக்குறை 5.38 பில்லியன் வெள்ளி. அது மக்களின் வரிப்பணம்.

அதனால்தான் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. மறுவிற்பனை வீட்டுக்கு மானியம் கூடினால் விற்பவரும் விலையைக் கூட்டிவிட மாட்டாரா? 2023 வரவுசெலவுத் திட்டத்தில் நாலறை அல்லது அதனினும் சிறிய மறுவிற்பனை வீட்டுக்கான மானியம் 50,000 வெள்ளியிலிருந்து 80,000 வெள்ளியாக உயர்ந்தபோதும் அக்கேள்வி எழுந்தது. எல்லாருக்கும் ஒரே அளவில் தந்தால் அந்த ஆபத்து அதிகம். வருமானத்தைப் பார்த்துத் தரும்போது, உதவி அதிகம் தேவைப்படும் குடும்பத்திற்கே அது போய்ச் சேரும் வாய்ப்பு கூடுகிறது.

மானியம் கைக்கு வரும் ரொக்கமும் அன்று. வீட்டை விற்கும்போது அது வட்டியோடு விற்றவரின் சேமநிதிக் கணக்குக்கே திரும்ப வேண்டும். இன்று வீட்டுக்குத் துணை நிற்கும் அந்தப் பணம், நாளை முதுமைக்கும் துணை நிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.