புறக்கடைக் கோழிகளுக்கான இயற்கைத் தீவனமும் வீட்டு மருத்துவமும்

புறக்கடைக் கோழி வளர்ப்பு என்பது வீட்டின் பின்புறத்திலும் கொல்லையிலும் சிறு எண்ணிக்கையிலான கோழிகளைத் திறந்தவெளியில் மேயவிட்டு வளர்க்கும் முறை ஆகும். இம்முறையில் கோழிகள் தமக்குத் தேவையான உணவின் பெரும்பகுதியைத் தாமே தேடிக்கொள்கின்றன. வளர்ப்போர் தானியம், கீரை, கரையான் முதலியவற்றைக் கூடுதலாக அளிக்கின்றனர். சிறு நோய்களுக்கு மஞ்சள், வேப்பிலை, பூண்டு, கீழாநெல்லி போன்ற வீட்டு மருந்துகள் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றுள் சில நல்ல பயன் தருபவை. வேறு சில, தடுப்பூசிக்கு மாற்றாகக் கருதப்படும்போது முழுக் கோழிக்கூட்டத்தின் இழப்புக்கே வழிவகுக்கக் கூடியவை.

வளர்க்கப்படும் இனங்கள்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சிறுவிடை, பெருவிடை, கழுத்தில் இறகற்ற கோழி, கொண்டைக்கோழி போன்ற நாட்டுக் கோழிகள் வளர்க்கப்படுகின்றன. அசில் சண்டைக்கோழி வகையைச் சேர்ந்த இந்திய இனமாகும். புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கப்பட்ட வனராசா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட வகைகளும் உள்ளன. நாட்டுப் பெட்டைக்கோழி குறைவான முட்டைகளையே இடும். எனினும் அடைகாத்து 21 நாட்களில் குஞ்சு பொரித்து, அவற்றைத் தானே வளர்க்கும் இயல்பு அதற்கு உண்டு. இவ்வியல்பு வணிக முட்டைக்கோழிகளில் பெரும்பாலும் காணப்படுவதில்லை.

ஊட்டச்சத்துத் தேவை

வளரும் குஞ்சுகளின் தீவனத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடும், முட்டையிடும் கோழிகளின் தீவனத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடும் புரதம் இருத்தல் வேண்டும். அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றில் உள்ள புரதம் இதைவிடக் குறைவு. எனவே நொய்யும் தவிடும் மட்டும் உண்ணும் குஞ்சு மெதுவாகவே வளரும். மேயும் கோழி இக்குறையைப் புழு, பூச்சி, கரையான், இளந்தளிர் ஆகியவற்றால் ஈடுசெய்கிறது. கோடையில் மண் இறுகிப் பூச்சிகள் குறையும் காலத்தில் கூடுதல் தீவனம் இன்றியமையாதது.

இயற்கைத் தீவனங்கள்

தானியங்கள்

கம்பு, சோளம், கேழ்வரகு, அரிசிக்குருணை ஆகியவை ஆற்றல் தரும் தீவனங்கள். முதல் சில நாட்களுக்குக் குஞ்சுகளுக்கு நொய் அல்லது உடைத்த கம்பு ஏற்றது. மாலையில் கோழிகள் கூடடையும் முன் ஒரு கைப்பிடி தானியம் இடுவது வழக்கம். இதனால் கோழிகள் நாள்தோறும் வீடு திரும்பப் பழகுகின்றன. அப்போது எண்ணிக்கையைச் சரிபார்க்கவும், சோர்ந்த கோழியை இனங்காணவும் இயலும்.

கரையான்

கரையான் குஞ்சுகளுக்கு ஏற்ற புரத உணவாகும். ஒரு பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலை, இற்றுப்போன மட்டை ஆகியவற்றைத் திணித்து நீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள நிலத்தில் மாலையில் கவிழ்த்து வைக்க வேண்டும். மறுநாள் காலையில் பானைக்குள் கரையான்கள் சேர்ந்திருக்கும். வெயில் ஏறுமுன் அவற்றைக் குஞ்சுகளுக்குக் கொட்டிவிட வேண்டும். கரையான்கொல்லி மருந்து இடப்பட்ட நிலத்திலும், வீட்டின் மரச்சட்டங்களுக்கு அருகிலும் இம்முறையைப் பின்பற்றுதல் கூடாது.

அசோலாவும் கீரைகளும்

அசோலா நீரில் மிதந்து வளரும் பெரணி வகைத் தாவரம். அதனுள் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைதரசனை நிலைப்படுத்துவதால், உலர்ந்த அசோலாவில் புரதம் மிகுந்திருக்கும். ஆனால் பச்சை அசோலாவின் எடையில் பெரும்பங்கு நீரே என்பதால், அதனை முழுத்தீவனமாகக் கொள்ள இயலாது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, அறுகம்புல் ஆகியவையும் அளிக்கப்படுகின்றன. கீரையிலுள்ள நிறமிகள் மஞ்சள் கருவை அடர்நிறமாக்குகின்றன. எனினும் மஞ்சள் கருவின் நிறத்தை மட்டும் கொண்டு முட்டையின் புரத அளவை மதிப்பிட இயலாது.

சுண்ணாம்புச் சத்து

ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உள்ளது. ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். தீவனத்தில் போதிய கால்சியம் இல்லாதபோது கோழி தன் எலும்பிலிருந்து அதனை எடுத்துக்கொள்ளும். தோல்முட்டை இடுவது இக்குறைபாட்டின் ஓர் அறிகுறியாகும். இதற்குக் கிளிஞ்சல் தூள் அல்லது பொடித்த முட்டை ஓட்டினைத் தனிக்கலத்தில் வைக்கலாம். முட்டை ஓட்டினை நன்கு காயவைத்து, உருத்தெரியாமல் நொறுக்கிய பின்னரே இட வேண்டும். இல்லாவிடில் கோழிகள் தம் முட்டையையே கொத்தப் பழகக்கூடும். முட்டையிடும் பருவத்தை எட்டாத கோழிகளுக்கு மிகுதியான கால்சியம் சிறுநீரகப் பாதிப்பை ஏற்படுத்தும்.

மணலும் நீரும்

கோழிக்குப் பற்கள் இல்லை. அது விழுங்கும் சிறு கற்கள் அரைவைப்பையில் தங்கித் தானியத்தை அரைக்க உதவுகின்றன. அடைத்து வைக்கப்படும் கோழிகளுக்குப் பருமணல் வைக்க வேண்டும். கோழி உண்ணும் தீவனத்தின் எடையைப்போல ஏறத்தாழ இருமடங்கு நீர் அருந்தும். கோடையில் இவ்வளவு மேலும் கூடும்.

தவிர்க்க வேண்டியவை

* பூஞ்சணம் பிடித்த தானியமும் பிண்ணாக்கும்: 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்தன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே அதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. அஃப்ளாடாக்சின் எனும் நச்சு அறியப்பட்டது இதன் விளைவாகவே. வெயிலில் காயவைப்பதாலும் வேகவைப்பதாலும் இந்நச்சு நீங்குவதில்லை.
* விதைநேர்த்தி செய்த விதைகள்: இவற்றில் பூச்சிக்கொல்லியோ பூஞ்சைக்கொல்லியோ பூசப்பட்டிருக்கும். விதைப்புக் காலத்தில் கோழிகளை வயலுக்கு விடாதிருப்பது நன்று.
* ஆமணக்கு விதை: இதில் ரிசின் எனும் கொடிய நச்சு உள்ளது.
* உப்பு மிகுந்த எஞ்சிய உணவு: ஊறுகாய், கருவாடு போன்றவை குஞ்சுகளுக்கு இடராகும்.

நோய்களும் வீட்டு மருத்துவமும்

வெள்ளைக்கழிச்சல்

இராணிக்கெட் நோய், கோழிக்கழிச்சல் எனவும் இது அழைக்கப்படுகிறது. இது தீநுண்மத்தால் (வைரசு) உண்டாகும் நோய். 1926 ஆம் ஆண்டில் சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்டது. 1920களின் இறுதியில் இந்தியாவில் இராணிக்கெட் எனும் ஊரில் கண்டறியப்பட்டதால் இங்கு அப்பெயர் பெற்றது. வெள்ளை அல்லது பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இறக்கை செயலிழத்தல் ஆகியன அறிகுறிகள். கடுமையான தாக்குதலில் கூட்டத்திலுள்ள பெரும்பாலான கோழிகள் சில நாட்களில் இறந்துவிடும்.

கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை அரைத்துத் தவிட்டில் கலந்தோ சிறு உருண்டைகளாகவோ கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உள்ளது. ஆனால் இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து எதுவும், மூலிகையாயினும் நவீன மருந்தாயினும், இல்லை. தடுப்பூசியே உறுதியான காப்பு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், ஏறத்தாழ 8 ஆம் வாரத்தில் ஊசியும் போடப்படுகின்றன. இத்தடுப்பு மருந்துகள் பொதுவாக 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் காக்கப்பட வேண்டியவை. வெப்பத்தில் கிடந்த மருந்து பயனற்றது. நோய் தாக்கிய பின் போடப்படும் ஊசி அக்கோழியைக் காப்பதில்லை.

பிழைத்த கோழி மூலிகையால் பிழைத்ததாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. மருந்தின்றியும் சில கோழிகள் பிழைக்கும் என்பதால், மருந்து பெற்ற கோழிகளையும் பெறாத கோழிகளையும் ஒப்பிடாமல் இம்முடிவுக்கு வர இயலாது.

கோழி அம்மை

கொண்டையிலும் முகத்திலும் கொப்புளங்கள் தோன்றிக் கருத்த பொருக்காக மாறும். கொசுக்கள் இதனைப் பரப்புகின்றன. வேப்பிலை, மஞ்சள் ஆகியவற்றை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துப் புண்களில் தடவுவர். இது தீநுண்மத்தை அழிக்காது எனினும், புண்ணில் ஈ மொய்ப்பதையும் பிற கிருமிகள் பெருகுவதையும் குறைக்க உதவும். கண் மூடிக்கொண்ட கோழிக்கு நீரும் இரையும் கையால் ஊட்ட வேண்டும். இரை எடுக்க இயலாமல் மெலிவதும் இறப்புக்குக் காரணமாகிறது. இந்நோய்க்கும் தடுப்பூசி உண்டு.

இரத்தக்கழிச்சல்

ஐமீரியா எனும் ஓரணு ஒட்டுண்ணியால் பெரும்பாலும் குஞ்சுகளுக்கு உண்டாகும் நோய். ஈரமான தரையில் இது விரைவாகப் பெருகும். தரையை உலர்வாக வைத்தலும் எச்சத்தை நாள்தோறும் அகற்றலும் சிறந்த தடுப்புமுறைகள். எச்சத்தில் இரத்தம் காணப்பட்டால் வீட்டு மருந்தில் காலம் கடத்தாது கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். இதற்குரிய மருந்துகள் உள்ளன.

பேன், செள் மற்றும் செதில்கால்

கோழிகள் மண்ணில் புரண்டு இறகைத் தூய்மை செய்துகொள்ளும். உலர்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்த குழி இதற்குப் போதுமானது. கால் செதில்கள் தடித்து எழும் செதில்கால் நோய்க்கு நுண்ணிய உண்ணிகளே காரணம். காலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கழுவி, தேங்காய் எண்ணெய் அல்லது வேப்பெண்ணெயைச் சில வாரங்கள் தொடர்ந்து தடவினால், அவ்வுண்ணிகள் மூச்சடைத்து இறக்கும். வீட்டு மருத்துவம் தெளிவாகப் பயன் தரும் இடங்களுள் இது ஒன்று.

பறவைக் காய்ச்சல்

இந்தியாவில் பறவைக் காய்ச்சல் 2006 பிப்ரவரியில் மகாராட்டிர மாநிலம் நவாப்பூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இந்நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது. கோழிகள் கூட்டமாகத் திடீரென இறந்தால், அவற்றை அறுக்கவோ உண்ணவோ மருத்துவம் பார்க்கவோ கூடாது. உடனடியாகக் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

பொதுவான காப்புமுறைகள்

* சந்தையில் வாங்கிய கோழியைக் குறைந்தது இரண்டு வாரங்கள் தனியே வைத்த பின்னரே கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.
* நோயுற்ற கோழியை உடனே பிரித்துத் தனிப் பஞ்சாரத்தில் அடைக்க வேண்டும்.
* இறந்த கோழியை ஓடையிலோ குப்பையிலோ எறியாமல், சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும்.
* கோழிகளைத் தொட்ட பின் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். நலமாகத் தோன்றும் கோழியிடமிருந்தும் சால்மோனெல்லா தொற்றக்கூடும்.

முக்கியத்துவம்

சிற்றூர்க் குடும்பங்களில் கோழிகளைப் பெரும்பாலும் பெண்களே பராமரிக்கின்றனர். முட்டையும் கோழியும் விற்றுக் கிடைக்கும் பணம் பள்ளிச் செலவுக்கும் அவசரத் தேவைக்கும் உதவுகிறது. பத்துக் கோழிகள் உள்ள வீட்டில் வெள்ளைக்கழிச்சல் நுழைந்தால், அச்சேமிப்பு ஒரு வாரத்தில் இல்லாமற் போகும். மறுபுறம், நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தேவையின்றிப் பயன்படுத்துவதும் தீங்கானதே. மனிதருக்கு இறுதிக்கட்ட மருந்தாக விளங்கும் கொலிசுடினை உணவு தரும் விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவதை இந்திய அரசு 2019 இல் தடை செய்தது. ஆகவே நல்ல தீவனமும் உலர்ந்த கூடும் நோய் வருமுன் காப்பவை. புண்ணுக்கும் உண்ணிக்கும் வீட்டு மருந்து உதவும். கொள்ளை நோய்க்குத் தடுப்பூசியே துணை என இவற்றைப் பகுத்தறிந்து கையாள்வது பயன் தரும்.

இவற்றையும் பார்க்கவும்

* கோழி
* நாட்டுக் கோழி
* அசோலா
* இராணிக்கெட் நோய்
* கீழாநெல்லி