வரகுச் சோறும் முன்னைக் கீரையும்: கோனாட்டு உணவு வரலாற்றில் ஒரு நோக்கு

நாட்டு வரலாறு எழுதியோர் கோட்டையைப் பற்றியும் கொற்றவனைப் பற்றியும் எழுதிய அளவுக்கு அடுப்பைப் பற்றி எழுதியதில்லை. சோற்றைப் பேசுவது புலமைக்கு இழுக்கு என்னும் எண்ணம் பிற்காலத்தில் எப்படியோ நம்மிடையே வந்து சேர்ந்துவிட்டது. சங்கச் சான்றோர்க்கு அந்த நாணம் இருந்ததில்லை. பசித்ததைப் பசித்தது என்றும், உண்டதை உண்டோம் என்றும், இட்டவர் இன்னார் என்றும் அவர்கள் பாடி வைத்தனர்.

பத்துப்பாட்டில் 5 பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனைய நான்கும் கலைஞரை வள்ளலிடம் வழிப்படுத்துவன. அவ்வழியில் உண்ணக் கிடைப்பனவற்றையும் சொல்வன. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும், வேலூரில் புளிச்சோறும் ஆமான் சூடும், ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும் என்று பாணனுக்கு உரைக்கிறார். நிலம் மாற மாற உணவு மாறுவதை வழிநடையிலேயே காட்டிவிடுகிறார். உண்டும் நடந்தும் வாழ்ந்த மக்களின் வரலாற்றுக்கு இதனினும் பழைய சான்று வேறு வேண்டுவதில்லை.

இந்த மரபில் நம் புதுக்கோட்டை மண்ணுக்கு உள்ள பங்கு யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எறிச்சலூர்ப் புலவர்

வெள்ளாறு பாயும் இந்நிலப்பகுதி பண்டு கோனாடு என்றும் கானாடு என்றும் வழங்கிய நாட்டுப் பிரிவுகளைக் கொண்டது. உறையூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழி கொடும்பாளூரை ஒட்டிச் சென்றதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் நடந்த வழி அது. புலவர்களும் பாணர்களும் இத்தகைய வழிகளில்தான் நடந்திருப்பர்.

அப்படி நடந்தவருள் நமக்கு மிக அணியர் கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார். எறிச்சலூர் என்பது நம் மாவட்டத்து எறிச்சியே என்று கொள்வது வழக்கு. புறநானூற்றில் அவர் பாடியனவாக உள்ள பாடல்கள் 6 (54, 61, 167, 180, 197, 394). சேர வேந்தன், சோழ வேந்தர் இருவர், ஏனாதிப் பட்டம் பெற்ற தலைவர் இருவர், ஈர்ந்தூர் என்னும் சிற்றூர்க்கு உரியவன் ஒருவன் ஆகியோரை அவர் பாடியுள்ளார். இவற்றை ஒருசேர வைத்துப் படித்தால் ஒரு மனிதரின் பயணமும் பசியும் சுவையும் நம் கண்முன் எழுகின்றன.

61-ஆம் பாடலில் அவர் சோழநாட்டு வயலைக் காட்டுகிறார். வயலில் பிடிபட்ட வாளைமீனின் பருத்த துண்டமும் புதுநெல்லின் வெண்சோறும் அங்கே உணவு. உழைப்பாளிகள் விலாப் புடைக்க உண்டு, அரிந்த கதிர்க்கட்டை வைக்குமிடம் தெரியாமல் தடுமாறுகின்றனர். அவர்தம் சிறுவர்க்குத் தேங்காயும் சலித்துப் போகிறது. வைக்கோற்போரின்மீது ஏறிப் பனம்பழத்தைத் தொட முயல்கின்றனர். மன்னனைப் பாட வந்த புலவர் அவனது அரண்மனை விருந்தை விட்டு, வயலில் உண்பவனின் மயக்கத்தைப் பாடியது கருதத்தக்கது.

197-ஆம் பாடலில் இதே புலவர் வேறொரு கலத்தின்முன் அமர்கிறார். சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன் பரிசில் தரக் காலம் நீட்டிக்கிறான். குதிரையும் தேரும் களிறும் உடையவன் அவன். அவனிடமே புலவர் சொல்கிறார்: இவற்றையெல்லாம் கண்டு யாம் வியப்பதில்லை, ஆட்டுக்குட்டி மேய்ந்து மிஞ்சிய முன்னையின் இளங்கீரையைப் புன்செய் வரகின் சோற்றோடு உண்ணும் சிற்றூர்த் தலைவனாயினும், எம் தகுதி அறிந்து நடப்பவனையே யாம் மதிப்போம்.

குட்டி மேய்ந்தது போக மிஞ்சிய கீரை! வறுமையை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல இயலுமா? வேலியோரம் தானே முளைக்கும் செடி அது. உழவு வேண்டா, நீர்பாய்ச்சல் வேண்டா. முந்திக்கொண்டது ஆடு, பிந்தியது மனிதர்க்கு. அந்த உணவைத்தான் சோழனின் செல்வத்துக்கு எதிராகத் தராசுத் தட்டில் வைக்கிறார் நம் புலவர். தட்டு கீரையின் பக்கமே தாழ்கிறது.

வாளைமீனின் சுவை அறியாதவர் சொல்லியிருந்தால் இது ஆற்றாமையின் பேச்சாகலாம். இரண்டையும் அறிந்தவர் சொல்வதால் இது தேர்ந்த தீர்ப்பு. மருதநிலத்து நிறைவையும் வானம் பார்த்த பூமியின் குறைவையும் ஒருங்கே அறிந்த நாக்கு அவருடையது. கண்மாய் நிறைந்தால் நெல்லும், பொய்த்தால் வரகும் என வாழ்ந்த ஒரு நாட்டிலிருந்தே அத்தகைய நாக்குப் பிறந்தது.

அவருடைய பயணங்களில் நகைச்சுவைக்கும் இடமுண்டு. சோழிய ஏனாதி திருக்குட்டுவனின் தந்தை பெற்ற வெற்றியைப் பாடியபோது, அவன் கொல்களிறு ஒன்றைப் பரிசாகத் தந்தான் (394). பசியோடு போனவருக்கு யானை! அஞ்சித் திருப்பி அனுப்பினார். பரிசில் போதவில்லை போலும் என்று நாணிய அவன் மற்றுமொரு பெருங்களிற்றையும் கொடுத்துவிட்டான். சுற்றம் பசியால் வருந்தினும் இனி அந்நாட்டுப் பக்கம் போவதில்லை என்று முடிக்கிறார் புலவர். புகழ்ச்சியாகப் பாடப்பட்டதுதான், ஆயினும் இரப்பவனின் வயிற்றை அறியாமல் ஈவதில் உள்ள இடர் அதில் தெரியாமல் இல்லை.

வயிற்றை அறிந்து ஈந்தவன் ஈர்ந்தூர் கிழான் தோயன் மாறன் (180). பெருஞ்செல்வமும் இல்லை, இல்லை என்று சொல்லும் சிறுமையும் இல்லை. அவனைப் பாணரது பசிக்குப் பகைவன் என்கிறார் புலவர். இரவலர் வந்தால் அவன் உள்ளூர்க் கொல்லனிடம் சென்று, உணவின்றி ஒட்டிய அவர்தம் வயிற்றைக் காட்டி, வேல் வடித்துத் தருமாறு கேட்பானாம். யானை கொடுத்தவன் நாட்டுக்குச் செல்லேன் என்றவர், கொல்லன் பட்டறை வாயிலில் நிற்பவனிடம் பிற இரவலரையும் அழைத்துச் செல்கிறார்.

ஒல்லையூர்ப் பெண்ணின் குரல்

இதுகாறும் கண்டவை ஆடவர் பாடல்கள். இவற்றில் உண்பவர் உண்டு, இடுபவரும் உண்டு. அடுப்பெரித்த கைக்குப் பெரும்பாலும் பெயரில்லை. ஆனால் நம் மாவட்டத்தோடு தொடர்புடைய ஒரு பெண், ஒரு கறியின் செய்முறையையே புறநானூற்றில் பதித்துச் சென்றிருக்கிறாள்.

ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் வென்ற ஒல்லையூர் இன்றைய ஒலியமங்கலம் என்பர். அவன் இறந்தபின் தீப்பாய முனைந்த அவன் தேவி பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுத்த சான்றோரை நோக்கிப் பாடியது 246-ஆம் பாடல். கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட உணவை அவள் அதில் வரிசைப்படுத்துகிறாள்: நெய் தீண்டாத, நீர் பிழிந்த சோற்றுருண்டை, வெள்ளை எள்ளின் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை. அவள் தொடாத நெய்யின் வெண்மைக்குக்கூட அரிந்த வெள்ளரிக்காயின் விதை உவமையாகிறது. அடுக்களை அறிந்த கண்ணுக்கே வாய்க்கும் உவமை அது.

அவள் மறுத்தது கீரையையன்று. தினவு அடங்கச் சுவை அடக்கப்பட வேண்டும் என்று கணவனை இழந்தவளின் கலத்தில் ஊரார் எழுதிய சட்டத்தை மறுத்தாள். அவள் தேர்ந்த தீயை நாம் போற்ற வேண்டுவதில்லை. அவளுக்கு வேறு வழி வைக்காத உலகைத்தான் அப்பாடல் காட்டிக்கொடுக்கிறது.

இதே வேளைக்கீரை சிறுபாணாற்றுப்படையிலும் வருகிறது. பாணனின் மனைவி குப்பையில் முளைத்த வேளையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காணாதபடி கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். ஒருத்திக்குக் கீரை வறுமையின் நாணம். இன்னொருத்திக்குக் கீரை கைம்மையின் தண்டனை. எறிச்சலூர்ப் புலவருக்கோ அது மதிப்பின் அடையாளம். கீரைக்கு இயல்பாக இழிவுமில்லை, ஏற்றமுமில்லை. எந்த மனத்தோடு இடப்பட்டது என்பதே அதன் சுவையை முடிவு செய்கிறது.

கொடும்பாளூர்க் களஞ்சியம்

பிற்காலத்திலும் இந்நாட்டின் நினைவில் நின்ற அரசன், களஞ்சியத்தைத் திறந்தவனே. கொடும்பாளூரில் ஆண்ட இடங்கழி நாயனாரின் வரலாற்றைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பாடினார். அடியார்க்கு அமுது படைக்க நெல்லில்லாத ஒருவர் நள்ளிரவில் அரசனின் நெற்கொட்டாரத்தில் புகுந்து பிடிபடுகிறார். காரணம் கேட்டறிந்த அரசன் அவரைத் தண்டிக்கவில்லை. அடியார் வேண்டுவன எடுத்துக்கொள்க என்று பறையறைவிக்கிறான். பசிக்காகச் செய்த களவு, களவைக் காட்டிலும் களஞ்சியத்தின் பூட்டையே குற்றவாளியாக்கிவிடுகிறது.

அதே ஊரில் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, மல்லிகார்ச்சுனர் என்னும் துறவிக்கு மடமும் 11 ஊர்களும் அளித்து, 50 காளாமுகத் துறவியர்க்கு உணவளிக்க வகைசெய்ததைக் கூறுகிறது. கோயிற் கல்வெட்டுகளில் சோறு திருவமுதாகிறது. நெய் நெய்யமுது, தயிர் தயிரமுது, கறி கறியமுது. உணவுப் பெயரெல்லாம் அமுதம் பூண்டு நிற்கும் அச்சொற்கள் கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

கடல் கடந்து வந்த அரிசி

பயணம் உணவைத் தேடிப் போனது பழங்கதை. பயணம் உணவைக் கொண்டுவந்தது அண்மைக் கதை. இராயவரம், குழிபிறை, விராச்சிலை, கோனாபட்டு, பனையப்பட்டி முதலிய நகரத்தார் ஊர்கள் நம் மாவட்டத்தில் உள்ளன. 19-ஆம் நூற்றாண்டில் பர்மாவுக்குக் கடல் கடந்து வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், அங்கிருந்து தேக்கு மரத்தோடு கருநிறக் கவுனி அரிசியையும் கொண்டுவந்தனர். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து அது மணவீட்டு இனிப்பாயிற்று. 1942-இல் பர்மாவை சப்பானியர் கைப்பற்றியபோது அந்தத் தொழில் குலைந்தது. அங்கே வைத்த பொருள் போயிற்று; கவுனி மட்டும் ஆச்சிமார் கையில் தங்கிவிட்டது.

வரகு போன வழி

கவுனி தங்கியது, வரகு ஏன் தங்கவில்லை? வரகுக்கு ஏழு தோல் என்பர் நம் ஊரார். திரிகையில் அரைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து அரிசியாக்கும் உழைப்பு முழுவதும் பெண்களுடையது. நெல் அரைவை ஆலைகள் வந்தபின் அந்த உழைப்பிலிருந்து கை விலகியது இயற்கை. 1948-இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, 1974-இல் தனி மாவட்டமாகிய நம் நிலத்தில், புன்செய் மேடுகள் பலவற்றில் இன்று தைலமரம் நிற்கிறது. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசியை ஓட்டிய அந்த அரிசியைப் பழிப்பது வயிறு நிறைந்தோர் செயல். நாம் அதைச் செய்ய வேண்டா.

2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. வரகு இப்போது அழகிய பொட்டலத்தில், நெல்லரிசியினும் கூடிய விலையில், நகரத்து அங்காடிகளுக்குத் திரும்பி வந்திருக்கிறது. சீறூர்த் தலைவனின் உணவு செல்வர் உணவாயிற்று. வகுப்பில் 197-ஆம் பாடலை நடத்தும்போது, வரகை அறிந்த மாணவர் ஓரிருவரே எழுந்து நிற்கின்றனர். முன்னைக் கீரையை அறிந்தவர் அவரினும் குறைவு. உரைநூல் பொருள் சொல்லிவிடும். நாக்குக்கு உரை எழுத இயலாது.

நிறைவாக

உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிட்டிராவிடில் எறிச்சலூர்ப் புலவரின் கீரையும் ஒல்லையூர்த் தேவியின் எள்துவையலும் நமக்குக் கிடைத்திருக்கமாட்டா. ஏடு காத்தது பாதி. மீதியை வாய்மொழி காக்க வேண்டும். நம் ஊர்களில் எழுபது, எண்பது வயதுத் தாய்மார் இன்னும் இருக்கின்றனர். பஞ்ச காலத்தில் எந்தக் கீரையைப் பறித்தனர், எதனோடு வேகவைத்தனர், விருந்தினர் வந்தால் எதை மறைத்து எதை இட்டனர் என்பன அவர்கள் நினைவில் உள்ளன.

பத்து ஆண்டுகள் கவிதை வளர்த்த இவ்வட்டத்தின் உறுப்பினர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இதுவே: அடுத்த பத்தாண்டில் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு தாயிடமிருந்தேனும் ஒரு கீரையின் பெயரையும், அதைச் சமைக்கும் முறையையும், முதன்முதலில் அதை அவருக்கு இட்டவர் பெயரையும் கேட்டு எழுதுங்கள். எறிச்சலூர்ப் புலவர் கீரையைப் பாடினார். அதை ஆக்கியவர் பெயர் அவர் பாட்டில் இல்லை. அந்த இடத்தை நிரப்பும் கடமை நம்முடையது.