பஞ்சாலைப் பெண்ணின் பாட்டு

இங்கிலாந்தில் வாழும் எமது சங்கத்துப் பழைய மாணவிகள் சிலர், குளிர்கால ஞாயிறுகளில் யாராவது ஒருவர் வீட்டிற் கூடிப் பழைய படங்கள் பார்த்து வருகிறோம். பற்றிஸும் தேநீரும் வரும்வரை படம் ஓடும். வந்தபின் கதைதான் ஓடும். பார்த்தவற்றுட் பெரும்பாலானவை 1930களில் வெளிவந்த பிரித்தானிய இசை நகைச்சுவைப் படங்கள். நூற்றாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்கப்பட்டபோது, அவற்றைப் பற்றியே எழுதுவோம் என்று முடிவு செய்தோம்.

இப்படங்களில் வருவோர் பலர் மியூசிக் ஹோல் மேடையில் வளர்ந்தவர்கள். இலண்டன் லம்பெத்தில் சார்ள்ஸ் மோட்டன் 1852இல் திறந்த கன்ரபரி ஹோல் போன்ற மண்டபங்களில், தொழிலாளர் குடித்தபடியும் உண்டபடியும் பாட்டுக் கேட்டனர். பல்லவி வந்ததும் சபை முழுவதும் சேர்ந்து பாடும். பேசும் படம் வந்தபின் இம்மண்டபங்களிற் சனம் குறைந்தது. பல மண்டபங்கள் படமாளிகைகளாகவே மாறின. அதே காலத்தில் 1927ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம், படமாளிகைகள் ஒரு குறித்த பங்கு பிரித்தானியப் படங்களைக் காட்டவேண்டும் என விதித்தது. முதலில் 5 வீதமாக இருந்த இப்பங்கு 1936இல் 20 வீதமானது. அவசரமாகப் படம் வேண்டியிருந்த தயாரிப்பாளர்களுக்கு மேடைக் கலைஞர்கள் கைகொடுத்தார்கள்.

எங்களுக்குப் பிடித்தவற்றுள் ஒன்று ஜோன் பக்ஸ்ரர் இயக்கிய 'சே இற் வித் பிளவர்ஸ்' (1934). பூ விற்கும் பெண் ஒருத்தி நோயுற, சந்தைச் சனங்கள் அவளுக்காக ஒரு கச்சேரி வைக்கிறார்கள். கதை வெறும் சாட்டுத்தான். கச்சேரியில் புளோரி போட், மேரி கென்டல், சார்ள்ஸ் கோபோண் ஆகியோர் தாங்களாகவே வந்து பாடுகின்றனர். கோபோண் 1852இற் பிறந்தவர்; அப்போது எண்பதைத் தாண்டியிருந்தார். இந்தப் படம் இல்லாவிட்டால் அந்த மனிதர் மேடையில் நிற்கும் விதத்தை நாம் எங்கே கண்டிருப்போம்?

ஆனாலும் நாம் அதிகம் பார்த்தது கிறேசி பீல்ட்ஸைத்தான். 1898இல் லங்காஷயரின் ரொச்டேலில், பாட்டியாரின் மீன் சிப்ஸ் கடைக்கு மேலே பிறந்தவர். சிறுமியாக இருக்கையில் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் பஞ்சாலை. ஒரே நிகழ்ச்சியில் தேவகானம் போலவும் பாடுவார், அடுத்த நிமிடம் கோமாளித்தனமும் செய்வார். அவருடைய லங்காஷயர் உச்சரிப்பை எமது ஆங்கில ரீச்சர் கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பார்; எங்களுக்கும் முதலிற் பாதிதான் விளங்கியது. ஜே. பி. பிறீஸ்ற்லி எழுதிய 'சிங் அஸ் வீ கோ' (1934) படத்தில் ஆலை மூடப்படுகிறது. வேலை இழந்தவர்கள் கிறேசியின் பின்னால் பாடிக்கொண்டு வெளியேறுகிறார்கள். அவர் சைக்கிளில் பிளக்பூலுக்குப் போய்க் கிடைத்த வேலையெல்லாம் செய்கிறார். கடைசியில் ஆலை திறக்க, அதே கூட்டம் பாடிக்கொண்டே திரும்பி வருகிறது. தம் சனத்தை விட்டு நீங்காத பெண் என்றே நாடு அவரை நம்பியது. 1938இல் ஹொலிவூட் நிறுவனமொன்று நான்கு படங்களுக்கு 200,000 பவுண் தர ஒப்பந்தம் செய்தது.

பிறகு யுத்தம். 1940இல் அவர் மணந்த மொன்ரி பாங்ஸ், முந்திய வருடம் 'ஷிப்யாட் சலி' படத்தை இயக்கியவர், இத்தாலியிற் பிறந்தவர். 1940 யூன் 10இல் இத்தாலி போரில் இறங்கியதும், பிரித்தானியாவில் இருந்தால் கணவர் தடுப்புமுகாமுக்குப் போகவேண்டியதுதான். இருவரும் வட அமெரிக்கா சென்றனர். குண்டு விழும் நேரத்தில் பணத்தோடு ஓடிவிட்டார் எனப் பத்திரிகைகள் தூற்றின. அவர் கனடாவிற் பாடி யுத்த நிதி சேர்த்தார். 1941இல் திரும்பி வந்து தொழிற்சாலைகளிலும் படைமுகாம்களிலும் பாடினார். 1945இல் பசிபிக் தீவுகள் வரை போனார். ஆனால் மீண்டும் இங்கிலாந்திற் குடியிருக்கவில்லை. 1979இல் கப்ரி தீவிற் காலமானார்.

இந்தக் கதையைப் பேசிய ஞாயிறன்று எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. எங்களிற் சிலர் 1983இன் பின் வந்தவர்கள், சிலர் 1995 இடப்பெயர்வின் பின். கிறேசி போயிருக்கக் கூடாது என்று கடுமையாகச் சொன்னவர்கள் முழுப்பேரும் நாட்டை விட்டு வந்தவர்களே. அன்று மகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த ஓர் அக்காவும் எங்களோடு இருந்தார். எங்களுக்கு நான்கு வகுப்பு மூத்தவர். யுத்தம் முடியும்வரை ஊரை விட்டு அசையாதவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "மனுசனை விட்டிட்டு அவள் என்னெண்டு நிக்கிறது? போன இடத்திலையும் பாடினவள்தானே. அந்த ஆலை மூடுற இடத்தை இன்னொருக்காப் போடுங்கோ பிள்ளையள்."

போட்டோம். பல்லவி வந்தபோது அக்காவும் சேர்ந்து முணுமுணுத்தார்; சொற்கள் தெரியாவிட்டாலும் சுருதி சரியாக இருந்தது.