மடலேறாதவள்

காதல் கைகூடாத ஆண் பனைமடலில் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, ஊர்த்தெருவில் ஏறிவருவான். சங்கப் பாடல்களில் பெரும்பாலும் ஏறுவேன் என்று சொல்வதோடு சரி. மாணவியாகப் படித்தபோது இதைக் காதலின் ஆழம் என்று குறித்துக்கொண்டேன்; இன்று பெண்ணையும் அவள் வீட்டாரையும் நெருக்கும் மிரட்டலாகத் தெரிகிறது. ஆனாலும் மறுக்கப்பட்ட ஆணுக்கு அடுத்துச் செய்ய ஏதோ ஒன்று இருந்தது.

பெண் மடலேறுவதைத் தொல்காப்பியம் விலக்குகிறது. கடலளவு காமம் வருத்தினாலும் ஏறாததே பெண்ணின் பெருமை என்கிறது குறள். மறுப்பு வரை அவள் போவதெங்கே? கேட்பதே இழுக்கு.

இந்த விதியைக் கேள்விப்பட்டதுண்டு, ஏற்கமாட்டேன் என்கிறாள் பெரிய திருமடலின் தலைவி. வடநெறியே வேண்டும் என்று சீதை, வேகவதி, உலூபி, உஷை எனச் சாட்சிகளை அடுக்குகிறாள். துணிச்சல்தான். ஆனால் எழுதியவர் திருமங்கையாழ்வார். அவள் மிரட்டுவதோ திருமாலை.

நேரில் போய்க் கேட்டவள் கம்பனின் சூர்ப்பணகை. சீதையைப் பற்றப் போனாள் என்று காரணம் சொல்லப்படுகிறது. மூக்கும் காதும் முலையும் போயின. ஒருவனிடம் விருப்பத்தைச் சொல்லி, அவன் இல்லையென்றதும் வீடு திரும்பிச் சோறு தின்று தூங்கிய ஒருத்தியைப் பழைய ஏடுகளில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.