மாசிப் பனியும் கரிசல் வெயிலும்

விருதுநகர் மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தொடங்கி, கோடையின் முதல் இடிமழை வரை நீளும் வறண்ட காலம் பெரும்பாலும் தை, மாசி, பங்குனி மாதங்களில் அமைகிறது. விடியலில் போர்வை தேடும் குளிர், பதினொரு மணிக்குமேல் உச்சந்தலையைச் சுடும் வெயில், ஓயாத புழுதி ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் அடுத்த தீபாவளிக்கான பட்டாசு வேலை சூடுபிடிப்பதும் இக்காலத்தில்தான். ஈரமற்ற காற்று இப்பகுதிக்குச் சோறு போடுகிறது, உயிராபத்தையும் கூட்டுகிறது. எந்த வேலையை எந்த நேரத்தில் செய்வது என்ற கணக்கைப் பிசகாமல் காப்பதே இங்கு இப்பருவத்தைச் சமாளிக்கும் வழி.

குளிரும் சூடும்

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றின் மழையைத் தடுத்துவிடுவதால், இம்மாவட்டம் மழைமறைவுப் பகுதியாக உள்ளது. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மி.மீ.; அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடும். தை பிறந்ததும் வானம் வெளுக்கிறது. மேகமும் ஈரமும் குறைந்த இரவில், பகலெல்லாம் தரை வாங்கிய வெப்பம் தடையின்றி வெளியேறிவிடும். காலையில் கரிய மண் வெயிலை வேகமாக உறிஞ்சி மீண்டும் சூடேறும். அருகிலுள்ள மதுரையில் பிப்ரவரி மாதப் பகல் வெப்பம் 33 பாகை செல்சியசை ஒட்டியும், அதிகாலை வெப்பம் 20 பாகையை ஒட்டியும் இருப்பது இயல்பு. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்ற பழமொழி இந்தக் குளிரைச் சொல்வது.

மேற்கு ஆப்பிரிக்காவில் நவம்பர் முதல் மார்ச் வரை சகாரா பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றும் இதேபோல் குளிர்ந்த காலைகளையும் சுடும் பகல்களையும் தருகிறது. அங்கே தூசி பாலைவனத்திலிருந்து வருகிறது. விருதுநகரிலோ அது உள்ளூரிலேயே கிளம்புகிறது: பாளம்பாளமாக வெடித்த கரிசல், அறுவடை முடிந்த காடுகள், வற்றிய கண்மாய்கள், லாரிகள் ஓடும் மண்சாலைகள். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் இடங்களில் புகையும் சேர்ந்துகொள்ளும்.

ஈரமும் தொழிலும்

1920களில் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கினர். பின்னர் பட்டாசும் அச்சகமும் வளர்ந்தன. தீக்குச்சி மருந்துக்கும் வெடிமருந்துக்கும் ஈரம் ஆகாது. காகிதமும் ஈரத்தில் விரிந்து அச்சை நகர்த்திவிடும். மூன்று தொழில்களுக்குமே வறண்ட காற்று உகந்தது. அதே மாவட்டத்து ராஜபாளையத்தின் நூற்பாலைகளில் நிலைமை நேர்மாறு. காற்று உலர்ந்தால் நூல் அறுந்துபோகும் என்பதால், அங்கே கருவிகள் வைத்து ஆலைக்குள் ஈரத்தைக் கூட்டுகிறார்கள்.

பட்டாசு ஆலையில் நேரக் கணக்கு

மருந்து கலக்கும் வேலை வெயில் ஏறுமுன், காலையிலேயே முடிந்துவிட வேண்டும். உலர்ந்த காற்றில் உடலிலும் உடையிலும் நிலைமின்சாரம் எளிதில் தங்கும். ஒரு சிறு பொறி போதும். செயற்கை இழைத் துணிகளைத் தவிர்த்துப் பருத்தி உடுத்துவதும், அறைக்குள் நுழையுமுன் தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொடுவதும் இதனால்தான். இரும்புக் கருவிகளுக்கு உள்ளே இடமில்லை. கூட்டமும் கூடாது: ஓர் அறையில் நான்கு பேருக்குமேல் இருக்கக்கூடாது என்பது விதி. உரிமம் வழங்கும் பெசோ என்ற மத்திய அமைப்பு, 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி இவற்றைக் கண்காணிக்கிறது.

பனிக்கும் இந்தக் கணக்கில் பங்குண்டு. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் வேதிவினை நடந்து தானாகச் சூடேறும். ஆகவே கலக்கிய மருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்கக்கூடாது. மேடைகளில் காயும் சரக்கைப் பனி இறங்குமுன் எடுத்துவிட வேண்டும். வெயிலில் சுட்ட சரக்கை ஆறவிடாமல் அள்ளுவதும் ஆபத்து.

2021 பிப்ரவரி 12 அன்று பிற்பகலில் சாத்தூர் அருகே அச்சங்குளத்திலும், 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியிலும் பட்டாசு ஆலைகள் வெடித்தன. முதல் விபத்தில் 19 பேருக்குக் குறையாமலும் இரண்டாவதில் 10 பேரும் உயிரிழந்தனர். விபத்துகள் இப்பருவத்தில் மட்டும் நடப்பவை அல்ல. 40 பேரளவில் பலிகொண்ட முதலிப்பட்டி விபத்து நடந்தது 2012 செப்டம்பர் 5 அன்று. எனினும் அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, அவசரம் ஆகியவற்றுக்கு வறண்ட மாதங்கள் சிறிதும் இடம் தருவதில்லை. கூலி பெரும்பாலும் செய்த எண்ணிக்கைக்கே என்பதால், வேகத்தைக் குறைக்கச் சொல்வது தொழிலாளியின் வருமானத்தைக் குறைக்கச் சொல்வதாகிறது. பாதுகாப்பைப் பேசுவோர் கூலி முறையையும் சேர்த்துப் பேசியாக வேண்டும்.

உடல்நலம்

உதடு வெடிப்பு, பித்தவெடிப்பு, வறட்டு இருமல், மூக்கில் இரத்தம் கசிதல், கண் உறுத்தல் ஆகியவை இக்காலத்தின் பொதுவான தொல்லைகள். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்றும் தூசியும் ஒருசேர வரும் அதிகாலை கடினமானது. இழுப்பு மருந்தை இடைவிடாமல் எடுப்பதும், வீட்டைப் பெருக்குமுன் தண்ணீர் தெளிப்பதும், ஈரத்துணியால் துடைப்பதும் பயன் தரும். மிக நுண்ணிய தூசிக்கு (பி.எம். 2.5) ஒரு நாள் சராசரி வரம்பாக இந்தியா ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமை வைத்துள்ளது; உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 15. முகத்தில் கட்டிய துண்டு புழுதியைத் தடுக்குமே தவிர, இந்த நுண்தூசியைத் தடுக்காது.

சின்னம்மை பரவுவதும் இம்மாதங்களில் மிகுதி. அம்மை நோயோடு சேர்த்து வணங்கப்படும் மாரியம்மனுக்கு விருதுநகரிலும் சிவகாசியிலும் பங்குனிப் பொங்கல் விழா எடுக்கப்படுவதும் இக்காலத்தில்தான். அம்மை கண்டவரைத் தனியே படுக்கவைத்து வேப்பிலை கட்டும் வழக்கத்தில் தனிமைப்படுத்தல் நல்ல பகுதி. கருவுற்ற பெண்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் அம்மை கண்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

காடும் அடுப்பும்

கரிசலில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் நம்பி விளையும் கொத்தமல்லி, இக்காலத்தில் அறுவடைக்கு வரும். களத்தில் பரப்பிய மிளகாய் வத்தலைப் பகலில் கிளறி, மாலையில் குவித்து மூடுவார்கள். பனி பட்டால் நிறம் மங்கி விலை இறங்கும். காலைக் குளிருக்குச் சுக்குமல்லிக் காப்பி, பகல் சூட்டுக்குக் கம்மங்கூழும் மோரும், சாத்தூர் வெள்ளரியும், பனையிலிருந்து இறங்கும் பதநீரும் துணை.

பருவத்தின் முடிவு

சித்திரையை ஒட்டிப் பெய்யும் கோடைமழை புழுதியை அடக்குகிறது. பட்டாசு ஆலைகளுக்கு அது வேறோர் எச்சரிக்கை: இடி மின்னல் தொடங்கியதும் வேலையை நிறுத்தி, அறைகளை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்கிறது விதி.