வதந்திக் கேலித் தபாலட்டை

படைமுகாம்களில் அடிபடும் கதைகளைப் பகிடிபண்ணி அச்சிட்ட படத் தபாலட்டை வகை. இரு உலகப் போர்க் காலங்களிலும் நன்றாக விற்றது.

தபாலட்டை பிறந்தது ஒஸ்திரியாவில். பொருளியற் பேராசிரியர் எமானுவேல் ஹெர்மானின் யோசனைப்படி 1869 ஒக்டோபர் 1இல் அது விற்பனைக்கு வந்தது. மறு வருடமே பிரான்ஸ்-பிரஷ்யப் போர்முனையைத் தொட்டுவிட்டது. இலங்கைக்கு 1872இல் வந்தது. பிரித்தானியாவில் 1902 வரை முகவரிப் பக்கத்தில் செய்தி எழுத முடியாது. அந்த ஆண்டில் அப்பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைச் செய்திக்கு விட்டார்கள். மறுபக்கம் முழுவதும் படத்துக்கென்றானது. கேலிச்சித்திரக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படை தன் வீரர்களுக்கு அச்சடித்த வரிகளோடு ஓர் அட்டை கொடுத்தது. 'சுகமாக இருக்கிறேன்', 'வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டுள்ளேன்' என்பவற்றில் பொருந்தாததை வெட்டலாம்; மேலதிகமாக எதையும் எழுதினால் அட்டை கிழித்தெறியப்படும். வாயைக் கட்டிய இடத்தில் வதந்தி செழித்தது. குசினி, மலகூடம், தண்ணீர் வண்டி ஆகியவையே அதன் விளைநிலங்கள். 1914இல் மெல்பேர்ணை அண்டிய புரோட்மெடோஸ் முகாமில் ஓடிய தண்ணீர் வண்டிகளில் 'ஃபர்ஃபி' என்ற உற்பத்தியாளர் பெயர் பொறித்திருந்தது. அவுஸ்திரேலியர் இன்றும் வதந்தியை அப்பெயராலேயே அழைக்கின்றனர். தளபதி கேட்ட துணைப்படை, காதோடு காதாகப் போய்க் கடைசி ஆளிடம் நடனத்துக்குக் கேட்ட சில்லறைக் காசாகச் சேர்ந்த பழைய பகிடியும் இவ்வகைக் கதைதான். கேலிச்சித்திரக்காரர் புரூஸ் பேர்ன்ஸ்ஃபாதரின் 'ஓல்ட் பில்' சித்திரங்களும் அட்டைகளாக வந்தன.

இரண்டாம் போரில் பிரித்தானிய அரசு ஒட்டுக்கேட்கும் ஹிட்லரைச் சுவரொட்டியில் வரைவித்து, வீண்பேச்சு வேண்டாமென எச்சரித்தது. அமெரிக்க வீரர்களோ முகாம் பகிடி அட்டைகளை வீட்டுக்கு அனுப்பினர். சிக்காகோவின் கேர்ட் டைக் நிறுவனம் துணிபோலச் சொரசொரப்பான தாளில் வண்ண அட்டைகளை அச்சிட்டுக் குவித்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இப்போரின்போது பிரித்தானிய விமானப்படை பலாலியில் ஓடுபாதை அமைத்தது. ஆயினும் இங்கு கதைகளைப் பெருக்கியது முகாமன்று, மலாயாத் தபால் நின்றதே. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் அரச கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த குடாநாட்டவரின் கடிதமும் காசும் ஊர்வந்து சேரவில்லை. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் யப்பானியக் குண்டுகள் விழுந்தபின் கேட்பானேன். ஊர்க்கதையைப் படமாக்கிச் சிரிக்கவைக்கும் வேலை குடாநாட்டில் தபாலட்டைக்கு வாய்க்கவில்லை, பத்திரிகைக்கே வாய்த்தது. தினகரனில் 'சவாரித் தம்பர்' வரைந்த கரவெட்டி சி. சிவஞானசுந்தரம் (சுந்தர்) 1960களில் 'சிரித்திரன்' இதழைத் தொடங்கி அதைப் பல ஆண்டுகள் நடத்தினார்.

தற்போது இவ்வட்டைகள் சேகரிப்போரிடையே கைமாறுகின்றன.